அரிசிக்கு வந்த எழுவர், டாலருக்கு வந்த எழுவர்

ஓர் ஊரில் பிறந்து வளர்ந்த பெண்ணை வேறோர் ஊரில் கட்டிக் கொடுக்கிறோம். போன இடத்தில் தண்ணீர் வேறு, அரிசி வேறு, அடுப்பு வேறு. பிறந்த வீட்டில் வைத்த ரசத்தையே அங்கேயும் இம்மி பிசகாமல் வைப்பேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தால், அது அம்மா வீட்டு ரசமாகவும் இராது, மாமியார் வீட்டுக் குழம்பாகவும் இராது. கைப்பக்குவத்தை மட்டும் எடுத்துக் கொண்டு போய், அந்த ஊரில் கிடைக்கும் சாமான்களை வைத்துச் சமைக்கிறவள்தான் நல்ல பெயர் வாங்குகிறாள்.

சினிமாக் கதைகளின் சமாசாரமும் இதுதான். ஒரு தேசத்தில் சக்கைப்போடு போட்ட படத்தை இன்னொரு தேசத்தார் வாங்கி, தங்கள் நடிகர்களைப் போட்டு, தங்கள் மண்ணில் மறுபடியும் எடுக்கிறார்கள். அதிலும் சண்டைப் படம் என்றால் கேட்கவே வேண்டாம். அடிதடிக்குப் பாஷை ஏது? ஆகையால் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் கொண்டு போகலாம் என்று எண்ணி விடுகிறார்கள். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி, எவ்வளவு தூரம் தப்பு என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஜப்பானிலே பிறந்து அமெரிக்காவிலே வாழ்க்கைப்பட்ட கதை அது.

பிறந்த வீட்டில் அதற்குப் பெயர் 'ஏழு சாமுராய்'. 1954-ம் வருஷம் அகிரா குரோசவா டைரக்ட் செய்தது. புகுந்த வீட்டில் அதற்கு 'தி மாக்னிபிசென்ட் செவன்', அதாவது 'மகத்தான எழுவர்' என்று பெயர் வைத்தார்கள். 1960-ம் வருஷம் ஜான் ஸ்டர்ஜஸ் எடுத்தார். வேடிக்கை என்னவென்றால், ஜப்பானியப் படம் முதன்முதலில் அமெரிக்கக் கொட்டகைகளுக்கு வந்தபோது அதற்கே இந்தப் பெயரைத்தான் சூட்டியிருந்தார்கள். கதையோடு கூடப் பெயரையும் சீதனமாக வாங்கிக் கொண்டு விட்டார்கள் போலும்!

இரண்டில் எது உசத்தி என்று பட்டிமன்றம் நடத்துவது என் நோக்கமல்ல. அதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும். ஜப்பானியப் படந்தான் உசத்தி. ஆனால், தழுவி எடுத்த படம் எங்கே நிமிர்ந்து நிற்கிறது, எங்கே தடுக்கி விழுகிறது என்று பார்த்தால், நமக்குச் சில விஷயங்கள் விளங்கும். வாருங்கள், பார்க்கலாம்.

ஒரு கிண்ணம் சோறு

முதலில் மூலக் கதை. 1586-ம் வருஷம். ஜப்பான் முழுவதும் ஓயாத யுத்தம். குதிரை ஏறிய நாற்பது கொள்ளைக்காரர்கள் மலை மேட்டில் நின்று கீழே உள்ள ஒரு கிராமத்தைப் பார்க்கிறார்கள். போன வருஷந்தான் இங்கே நெல்லை வாரிக் கொண்டு போனோம், இப்போது ஒன்றும் இருக்காது, வாற்கோதுமை அறுப்பாகட்டும், வரலாம் என்று பேசிக் கொண்டு திரும்புகிறார்கள். புதருக்குப் பின்னால் இருந்த ஒரு குடியானவன் காதில் இது விழுந்து விடுகிறது.

ஊர் கூடி அழுகிறது. தண்ணீர் ஆலையில் குடியிருக்கும் கிழவரிடம் போய் யோசனை கேட்கிறார்கள். சாமுராய்களைக் கூலிக்கு அமர்த்துங்கள் என்கிறார் கிழவர். 'கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது? சோறுதானே?' என்று இவர்கள் தயங்க, 'அப்படியானால் பசித்த சாமுராயாகப் பார்த்துப் பிடியுங்கள்' என்கிறார். எப்படிப்பட்ட யோசனை, பாருங்கள்!

கம்பெய் என்ற வயதான சாமுராய் அகப்படுகிறார். தகாஷி ஷிமுரா என்ற அருமையான நடிகர் அந்த வேஷத்தைப் போட்டிருக்கிறார். ஒரு திருடன் சின்னக் குழந்தையைப் பிடித்துக் கொண்டு கொட்டிலில் ஒளிந்திருக்கிறான். கம்பெய் என்ன செய்கிறார்? ஆற்றங்கரையில் உட்கார்ந்து, சாமுராய் குலத்தின் மானத்துக்கே அடையாளமான குடுமியைச் சிரைத்துக் கொள்கிறார். சந்நியாசியைப் போல உடுத்திக் கொண்டு, இரண்டு சோற்று உருண்டைகளைக் கையில் ஏந்திப் போய், குழந்தையை மீட்டு வருகிறார். யாரோ பெற்ற பிள்ளைக்காகக் குலப் பெருமையைக் களைந்து எறிகிற மனிதர் இவர் என்பதை ஒரு வார்த்தை வசனமில்லாமல் நாம் தெரிந்து கொண்டு விடுகிறோம்.

அவரும் முதலில் முடியாது என்றுதான் சொல்கிறார். அப்போது சத்திரத்தில் கூடத் தங்கியிருக்கும் ஒரு கூலியாள் சோற்றுக் கிண்ணத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டுகிறான். உங்களுக்கு இந்த நெல்லுச் சோற்றைப் போட்டு விட்டு இந்த மடையர்கள் தினையைத் தின்கிறார்கள், தெரியுமா என்று கத்துகிறான். கம்பெய் அந்தக் கிண்ணத்தைக் கையில் வாங்கிக் கொள்கிறார். இந்தச் சோற்றை வீணாக்க மாட்டேன் என்கிறார். அவ்வளவுதான், பேரம் முடிந்தது.

படம் மூன்றே முக்கால் மணிக்குப் பதினெட்டு நிமிஷம் குறைவு. அதாவது 207 நிமிஷம். ஆனால் இந்த ஒரு கிண்ணம் சோறு படம் நெடுகக் கூடவே வருகிறது. ஜாடியில் இருந்த அரிசி களவு போனபோது, காவல் இருந்த குடியானவன் தரையில் சிந்திய மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறானே, அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு வீட்டில் சோற்றைச் சிந்த எந்தக் குழந்தைக்கும் மனம் வராது.

நடுவிலே ஒரு சுவர்

சாமுராய்கள் கிராமத்துக்கு வந்தால், வரவேற்க ஓர் ஈ, காக்கை இல்லை. கொள்ளைக்காரர்களுக்குப் பயந்த ஜனங்கள் இப்போது காப்பாற்ற வந்தவர்களுக்கும் பயந்து ஒளிந்து கொண்டிருக்கிறார்கள். ஒரு தகப்பன், தன் மகளின் கூந்தலை அவள் அலற அலறக் கத்தரித்து, ஆண் பிள்ளை வேஷம் போட்டு வைத்திருக்கிறான்.

பிறகு இன்னொரு ரகசியம் வெளிப்படுகிறது. குடியானவர்கள் கவசங்களையும் ஈட்டிகளையும் பதுக்கி வைத்திருக்கிறார்கள். யுத்தத்தில் தோற்று, களைத்து, தனியாக ஓடி வந்த சாமுராய்களைக் கொன்று பறித்தவை அவை! ஆறு சாமுராய்களும் முகம் கறுத்துப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது ஏழாவது ஆள் குதித்து எழுகிறான்.

அவன்தான் கிகுசியோ. தோஷிரோ மிபூனேயின் வேஷம். போலி வம்சாவளிச் சுருள் ஒன்றைக் காட்டி, நானும் சாமுராய்தான் என்று சேர்ந்து கொண்டவன். அந்தச் சுருளின்படி அவனுக்கு வயது பதின்மூன்று என்று கண்டுபிடித்து மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது அந்தக் கோமாளி பேசுகிறான். ஆமாம், குடியானவன் கஞ்சன், பொய்யன், கொலைகாரன். ஆனால் அவனை அப்படி ஆக்கியது யார்? ஊரைக் கொளுத்தி, தானியத்தைப் பிடுங்கி, பெண்களைத் தூக்கிப் போன நீங்கள் அல்லவா என்று கேட்டு விட்டு விம்முகிறான். கம்பெய் கண்ணில் நீர் தளும்புகிறது. நீயும் ஒரு குடியானவன் மகன்தானே என்று மட்டும் கேட்கிறார்.

மூலப் படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வாள் பிடித்தவனுக்கும் ஏர் பிடித்தவனுக்கும் நடுவே பிறவியால் எழுந்த ஒரு சுவர். கதை நடப்பதாகச் சொல்லும் 1586-க்கு இரண்டே வருஷம் கழித்து, 1588-ல், ஹிதேயோஷி என்ற பிரபு ஜப்பான் முழுவதும் குடியானவர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிமுதல் செய்தார். 1591-ல், வீரன் குடியானவனாகவோ குடியானவன் வியாபாரியாகவோ மாறக் கூடாதென்று உத்தரவும் போட்டார். ஆக, கிகுசியோ அந்தச் சுவரைத் தாண்டிக் குதித்தது, கதவு மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான்.

அந்த எழுவருக்கு ஒரு கொடி உண்டு. ஆறு சாமுராய்களுக்கு ஆறு வட்டம். குடியானவர்களைக் குறிக்க அடியில் ஓர் எழுத்து. நடுவே கிகுசியோவுக்கு ஒரு முக்கோணம். இந்தப் பக்கமும் சேராமல் அந்தப் பக்கமும் சேராமல் நிற்கிறான் அவன்!

மெக்ஸிகோவுக்குப் போன கதை

இந்தச் சுவரை ஸ்டர்ஜஸ் எப்படி அமெரிக்காவுக்குக் கொண்டு போவார்? முடியாது. அவருடைய கதையில் கிராமம் மெக்ஸிகோவில் இருக்கிறது; காக்க வருகிறவர்கள் அமெரிக்க எல்லைப்புறத்துத் துப்பாக்கிக்காரர்கள். இவர்களுக்குக் குலமும் கிடையாது, கோத்திரமும் கிடையாது. யார் சீக்கிரம் சுடுகிறானோ அவன் வீரன். நேற்று மாடு மேய்த்தவன் இன்று துப்பாக்கி கட்டிக் கொள்ளலாம். நாளைக்குக் கழற்றி வைத்து விட்டு மளிகைக் கடைக் குமாஸ்தாவாகவும் போகலாம். ஸ்டீவ் மக்குவீன் நடிக்கும் வின் என்ற பாத்திரத்துக்கு அப்படி ஒரு வேலை வாய்ப்பே வருகிறது!

போதாக்குறைக்கு மெக்ஸிகோ சர்க்கார் வேறு. 1954-ல் வெளிவந்த 'வேரா க்ரூஸ்' என்ற அமெரிக்கப் படம் தங்கள் ஜனங்களை இழிவாகக் காட்டியதென்று அவர்களுக்கு மனத்தாங்கல். ஆகவே, இந்தப் படப்பிடிப்புக்குத் தணிக்கை அதிகாரிகளை அனுப்பி வைத்தார்கள். கிராமத்தார் உடுத்தும் உடை எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கண்டிப்பு. அதனால்தான் வயலில் மண்ணைக் கொத்துகிறவனும் வண்ணான் வீட்டிலிருந்து நேரே வந்தவனைப் போல வெள்ளை வெளேரென்று நிற்கிறான். கூலிக்கு ஆள் தேடிப் போனார்கள் என்பதும் கூடாதாம். ஆகையால் அவர்கள் துப்பாக்கி வாங்கத்தான் போகிறார்கள். துப்பாக்கியை விட ஆள் மலிவு என்று தலைவன் கிரிஸ் சொல்லித்தான் கதை நகர்கிறது.

இந்த இரண்டாவது மாற்றம் கட்டாயத்தினால் வந்ததுதான். ஆனாலும் மனித உயிரின் விலை துப்பாக்கி விலைக்கும் கீழே போய்விட்டது என்பதைச் சுருக்கென்று தைக்கும்படி அது சொல்லி விடுகிறது. முதல் மாற்றமோ படத்துக்கு நஷ்டந்தான். அழுக்கும் பசியும் இல்லாத கிராமத்துக்காக நம் நெஞ்சு எப்படி உருகும்? ஜப்பானியப் படத்துக் குடியானவர்கள் ஒவ்வொருவரும் ஒரு மனிதன். ஒருவன் மனைவியைக் கொள்ளைக்காரனிடம் பறி கொடுத்தவன், ஒருவன் மகளுக்காக நடுங்குகிறவன், ஒருவன் பரம சாது. மெக்ஸிகோ கிராமத்தாரில் படம் முடிந்து வெளியே வந்ததும் எத்தனை முகங்கள் நினைவிருக்கின்றன? நாலைந்து கூடத் தேறாது.

புகுந்த வீட்டுக் கைப்பக்குவம்

இனி நல்லதைச் சொல்ல வேண்டும். நல்லது நிறையவே இருக்கிறது.

முதலாவது, பிணவண்டிக் காட்சி. எல்லைப்புறத்து ஊர் ஒன்றில் ஒரு செவ்விந்தியன் செத்துப் போகிறான். வெள்ளையர் இடுகாட்டில் அவனைப் புதைக்கக் கூடாதென்று சிலர் துப்பாக்கியோடு மறிக்கிறார்கள். வண்டி ஓட்ட ஆளில்லை. யுல் பிரின்னர் சாவதானமாக எழுந்து போய் வண்டியில் ஏறிக் கடிவாளத்தைப் பிடிக்கிறார். மக்குவீன் ஒரு துப்பாக்கியை இரவல் வாங்கிக் கொண்டு பக்கத்தில் உட்காருகிறார். இருவருக்கும் முன்பின் பழக்கமில்லை. செத்தவனும் யாரோ. கம்பெய் குடுமியைச் சிரைத்த காட்சிக்கு ஈடாக அமெரிக்க மண்ணிலிருந்தே தேடிப் பிடித்தது இது. காப்பி அடித்திருந்தால் ஒரு குழந்தையையும் ஒரு திருடனையும் கொண்டு வந்திருப்பார்கள். அப்படிச் செய்யாமல், அந்த நாட்டின் சொந்த ஊழலை, நிறத்துவேஷத்தை, எடுத்துக் கொண்டார்கள் பாருங்கள், அங்கேதான் படம் நிமிர்ந்து விட்டது.

இரண்டாவது, வில்லன். குரோசவாவின் கொள்ளைக்காரர்களுக்கு முகமே கிடையாது; புயல், வெள்ளம் மாதிரி வருகிறார்கள். ஸ்டர்ஜஸின் கால்வெராவோ வாய் ஓயாமல் பேசுகிறவன். தங்கப் பல், பட்டுச் சட்டை. காலம் கெட்டு விட்டது, ஜனங்களுக்குப் பக்தி போய்விட்டது என்று புலம்பிக் கொண்டே மூட்டையைத் தூக்கச் சொல்கிறான். தன்னை நம்பியுள்ள ஆட்களுக்குச் சோறு போட வேண்டிய கவலை அவனுக்கும் இருக்கிறது. ஈலை வாலக் இந்த வேஷத்தில் வெளுத்து வாங்குகிறார். ஆட்டு மந்தைக்கு மேய்ப்பன் மாதிரி, இந்த ஊரை மொட்டையடிப்பது தன் கடமை என்றே அவன் மனப்பூர்வமாக நம்புகிறான். ஊரைச் சுரண்டுகிற எந்தப் பெரிய மனிதரிடம் இந்த நம்பிக்கை இல்லை, சொல்லுங்கள்?

மூன்றாவது, எழுவரில் சிலர். சார்லஸ் பிரான்ஸன் ஏற்ற பெர்னார்டோ, காலை ஆகாரத்துக்காக விறகு பிளந்து கொண்டிருக்கையில் நமக்கு அறிமுகமாகிறான். ஆறு வாரத்துக்கு இருபது டாலர் கூலி என்கிறார்கள். நூற்றுக் கணக்கில் வாங்கிப் பழகியவன், இப்போதைய நிலைமையில் இருபது டாலர் பெரிய தொகைதான் என்று ஒப்புக் கொள்கிறான். அந்த ஊர்ப் பொடியன்கள் மூன்று பேர் அவனையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். எங்கள் அப்பாக்கள் கோழைகள் என்று ஒரு பையன் சொன்னவுடன், மடியில் கவிழ்த்துப் போட்டுப் பின்புறத்தில் நாலு வைக்கிறான்! துப்பாக்கி தூக்குவது பெரிய வீரமல்ல, பெண்டாட்டி பிள்ளைகளின் பாரத்தைத் தினந்தோறும் சுமப்பதற்குத்தான் தைரியம் வேண்டும், அந்தத் தைரியம் எனக்கு இருந்ததில்லை என்கிறான். மூலத்தில் இல்லாத காட்சி. மூலத்தில் இருந்திருந்தால் அதற்கும் பெருமை சேர்த்திருக்கும்.

ஹாரி என்று இன்னொருவன். இருபது டாலருக்கு எவனாவது உயிரை விடுவானா, இங்கே ஏதோ தங்கப் புதையல் இருக்கிறது என்று கடைசி வரை நம்புகிறவன். குண்டடி பட்டுக் கிடக்கையிலும் அதையே கேட்கிறான். கிரிஸ் மனமறிந்து பொய் சொல்கிறான்: ஆமாம், இருக்கிறது, தங்கம் மலைபோல் இருக்கிறது என்று. ஹாரி திருப்தியோடு கண்ணை மூடுகிறான்.

நாலாவது, எல்மர் பெர்ன்ஸ்டைனின் சங்கீதம். குதிரை நடைக்குத் தாளம் போடும் அந்த மெட்டு ஆஸ்கார் பரிசுக்குச் சிபாரிசாகி, பரிசு வாங்காமல் திரும்பியது. பரிசு வாங்கிய 'எக்ஸோடஸ்' பட மெட்டுக்குச் சற்றும் குறையாமல் இது உலகெங்கும் ஒலித்தது. பிற்காலத்தில் சிகரெட் விளம்பரத்துக்குக் கூட இதை எடுத்துக் கொண்டார்கள். ஒரு மெட்டுக்கு இதை விடப் பெரிய புகழும் வேண்டாம், பெரிய கஷ்டமும் வேண்டாம்!

தடுக்கி விழுந்த இடங்கள்

சொந்தமாகச் சமைத்த இடமெல்லாம் ருசி. அப்படியே காப்பி அடித்த இடமெல்லாம் சப்பு. கிகுசியோவையும், இன்னொரு இளம் சாமுராயான கட்சுஷிரோவையும் ஒன்றாகக் கலந்து சிகோ என்ற பாத்திரத்தைப் பண்ணினார்கள். ஜெர்மன் நடிகர் ஹார்ஸ்ட் புக்ஹோல்ஸ் மெக்ஸிகோ பையனாக வருகிறார்! மிபூனே குடித்து விட்டுத் தள்ளாடினார் என்பதற்காக இவரும் தள்ளாடுகிறார். அவர் அபாய மணி அடித்தார் என்பதற்காக இவரும் அடிக்கிறார். எங்களை இப்படி ஆக்கியது யார் என்ற அந்தக் கேள்வியைக் கூட ஓர் இரவில் கேட்டு விடுகிறார். ஆனால் நமக்கு உடம்பு சிலிர்ப்பதில்லை. சுவர் இருந்தால் அல்லவா முட்டிக் கொள்ளும் சத்தம் கேட்கும்?

சண்டையும் அப்படித்தான். சண்டைப் படத்தில் சண்டை சப்பென்றிருந்தால் என்ன செய்வது? குரோசவா முதலில் ஊரின் படத்தை நம் மனத்தில் எழுதி விடுகிறார். இந்தப் பக்கம் வயலில் தண்ணீர் பாய்ச்சியாயிற்று; அந்தப் பக்கம் பாலத்தைப் பிடுங்கியாயிற்று; வடக்கே ஒரு வழியை மட்டும் வேண்டுமென்றே திறந்து வைத்து, உள்ளே ஒரு குதிரை நுழைந்ததும் ஈட்டிகளால் அடைத்து விடுகிறார்கள். எத்தனை பேர் மாண்டார்கள் என்று கம்பெய் காகிதத்தில் வட்டங்களை ஒவ்வொன்றாக அடிக்கிறார். பதின்மூன்று பேர் பாக்கி என்கிறபோது நமக்கும் அந்தக் கணக்கு மனப்பாடம். கடைசிச் சண்டை கொட்டும் மழையில், முழங்கால் சேற்றில் நடக்கிறது. குரோசவா ஒரே சமயத்தில் பல காமிராக்களை வைத்து அதைப் பிடித்தார். எவன் வீரன், எவன் கோழை என்று பார்க்க நேரமில்லாமல் குதிரையும் மனிதனும் சேற்றில் புரளுவதைப் பார்த்து நாமும் நனைந்து போகிறோம்.

அமெரிக்கப் படத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. துப்பாக்கி வெடிக்கிறது, ஆள் விழுகிறான். மறுபடி வெடிக்கிறது, மறுபடி விழுகிறான். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பாக்கி, யார் எந்தக் கூரை மேல் இருக்கிறார்கள் என்பதெல்லாம் கால்வெராவுக்கே தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜப்பானியப் படத்தில் நாலு சாமுராய்கள் சாகிறார்கள். நாலு பேரும் சாவது துப்பாக்கிக் குண்டினால். ஒருவராவது வாளுக்கு இரையாவதில்லை. 1543-ல் போர்ச்சுக்கீசியர் ஜப்பானில் கொண்டு வந்து இறக்கிய ஆயுதம், வாள் வித்தையை ஆயுள் முழுதும் பழகியவனை ஒரு நொடியில் சாய்த்து விடுகிறது. அமெரிக்கப் படத்திலும் நாலு பேர்தான் சாகிறார்கள். ஆனால் துப்பாக்கியால் வாழ்ந்தவன் துப்பாக்கியால் சாகிறான். அதில் என்ன ஆச்சரியம்?

கூலி ரத்தான பிறகு

இத்தனை குறை சொன்ன பிறகும் இந்தப் படத்தைக் கும்பிடத் தோன்றும் ஓர் இடம் இருக்கிறது. மூலத்தில் இல்லாத திருப்பம் அது. பாதிச் சண்டையில் ஊராரே காட்டிக் கொடுத்து விடுகிறார்கள். எழுவரும் கால்வெராவிடம் சிக்குகிறார்கள். அவன் ஆயுதங்களைப் பிடுங்கிக் கொண்டு, எல்லை வரை கொண்டு போய் விட்டு, ஆயுதங்களைத் திருப்பியும் கொடுத்து விடுகிறான். போங்கள், பிழைத்துப் போங்கள்! (இவ்வளவு பெரிய கொள்ளைக்காரன் துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுப்பானா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கேட்காதீர்கள்.)

இப்போது இருபது டாலரும் இல்லை. அழைத்த ஊரே துரத்தி விட்டது. ஒப்பந்தமும் போயிற்று, கடனும் போயிற்று. ஆனால் அவர்கள் திரும்பி வருகிறார்கள். முதலில் போய்விட்ட ஹாரி கூடத் திரும்பி வருகிறான். சாகிற தறுவாயில் கால்வெரா கேட்கிறான்: இப்படிப்பட்ட ஊருக்கு உன்னைப் போன்றவன் ஏன் திரும்பி வந்தாய்? கிரிஸ் பதில் சொல்லவில்லை. படமும் பதில் சொல்லவில்லை. கால்வெரா அந்தக் கேள்வியோடேயே செத்துப் போகிறான்.

நமக்கு உறவில்லாதவனுக்காக நாம் ஏன் சாக வேண்டும்? இதுதான் இரண்டு படங்களும் கேட்கும் கேள்வி. ஜப்பானில் ஒரு கிண்ணம் சோறு அந்தக் கேள்வியைக் கேட்டது. மெக்ஸிகோவில், கூலியே இல்லை என்று ஆன பிறகு, அதே கேள்வி இன்னும் பலமாகக் கேட்கிறது. இந்த ஒரு கட்டத்தில் மகள் தாயின் தோளுக்குத் தோள் வந்து நின்று விடுகிறாள்.

முடிவில் இரண்டு படத்திலும் பிழைத்தவர் மூவர். இரண்டிலும் தலைவன், ஜயம் நமக்கில்லை, குடியானவர்களுக்குத்தான் என்கிறான். ஜப்பானில் அதைச் சொல்லும்போது வயலில் பாட்டும் மேளமுமாக நாற்று நடவு நடக்கிறது. இளம் சாமுராயிடம் மனத்தைப் பறி கொடுத்திருந்த பெண் அவனைத் தாண்டிப் போய், நாற்றைக் கையில் எடுத்து, மற்றப் பெண்களோடு குனிந்து விடுகிறாள். சுவர் மறுபடியும் எழுந்து விட்டது. மெக்ஸிகோவிலோ சிகோ துப்பாக்கியைக் கழற்றி வைத்து விட்டுத் தன் காதலியிடம் திரும்பிப் போகிறான். அமெரிக்காவில் மனிதன் விரும்பினால் மாறி விடலாம்! ஒன்று நெஞ்சை அறுக்கிறது, மற்றொன்று சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்புகிறது. இரண்டுமே அந்தந்த மண்ணுக்கு நியாயமான முடிவுகள்தான்.

பேத்தியின் பெருமை

கதை அதோடு நிற்கவில்லை. மகளுக்கும் ஒரு மகள் பிறந்தாள். 2016-ல் ஆன்டுவான் ஃபூக்வா அதே பெயரில் மறுபடியும் எடுத்தார். இப்போது கதை 1879-ல், ரோஸ் கிரீக் என்ற அமெரிக்க ஊரில். வில்லன் போக் ஒரு தங்கச் சுரங்க முதலாளி. டென்ஸல் வாஷிங்டன் தலைவர். எழுவரில் கறுப்பர், மெக்ஸிகோக்காரர், கீழ்த்திசைக்காரர், செவ்விந்தியர் எல்லோரும் உண்டு. இதைச் சிலர் பரிகசித்தார்கள். ஆனால் அந்தக் காலத்து எல்லைப்புறத்தில் கறுப்பு மாட்டுக்காரர்கள் ஏராளமாக இருந்தது சரித்திரம். ஆகையால் இது நல்ல மாற்றமே. பிணவண்டியில் கிடந்த செவ்விந்தியன் இப்போது எழுந்து வந்து எழுவரில் ஒருவனாகி விட்டான் என்று கூடச் சொல்லலாம். கடைசிச் சண்டையும் விறுவிறுப்பானதுதான்.

ஆனால் கேள்வி எங்கே போயிற்று? கடைசியில் தெரிகிறது: தலைவருடைய தாயையும் சகோதரிகளையும் கொன்றது அதே போக்கின் ஆட்கள். ஆகவே அவர் வந்தது பழி வாங்க! பழி வாங்க யார்தான் வர மாட்டார்கள்? அதற்குச் சோறும் வேண்டாம், டாலரும் வேண்டாம். பதில் சொல்லாமல் விட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக் கேள்வியையே கொன்று விட்டார்கள். படம் முடிகையில், ஊரைச் சேர்ந்த பெண்ணின் குரல் அந்த எழுவரை மகத்தானவர்கள் என்று புகழ்ந்து முடிக்கிறது. ஜயம் எங்களுக்கில்லை என்று சொன்ன கம்பெய் கேட்டால் தலையைத் தடவிக் கொண்டு சிரிப்பார். பெர்ன்ஸ்டைனின் பழைய மெட்டு, படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது வருகிறது. அதைக் கேட்டதும், அடடா, பாட்டி வீட்டுப் பாத்திரம் என்று மனம் இளகுகிறது.

1960-ம் வருஷத்து எழுவரில் கடைசியாக மிஞ்சியிருந்தவர் ராபர்ட் வான். பேத்தி திரைக்கு வந்த இரண்டே மாதத்தில், 2016 நவம்பரில், அவரும் காலமானார்.

இந்த மூன்றையும் இப்போது வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். பார்ப்பதாயிருந்தால் ஒரு யோசனை. முதலில் மகளைப் பாருங்கள். குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம், சிரிக்கலாம், மெட்டை முணுமுணுக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வேலையெல்லாம் முடித்துக் கொண்டு, சாவகாசமாகத் தாயைப் பாருங்கள். நேரம் கொஞ்சம் கூடத்தான் ஆகும். நடுவில் எழுந்து சாப்பிட்டு விட்டு வந்து உட்காரலாம், தப்பில்லை. அப்படிச் சாப்பிடும்போது மட்டும் ஒரு விஷயம்: தட்டில் சோற்றை மிச்சம் வைக்காதீர்கள். கம்பெய் பார்த்துக் கொண்டிருக்கிறார்!